பாம்பெர்க் சூனிய வேட்டை, 1626–1631: ஓடிய விதமும் நின்ற விதமும்

தெற்கு ஜெர்மனியின் ஃபிராங்கோனியா பகுதியில் இருக்கும் பாம்பெர்க் நகரை 17-ஆம் நூற்றாண்டில் ஆண்டவர் ஓர் ஆயர். மறைமாவட்டத்துக்கும் அவரே தலைவர், நாட்டுக்கும் அவரே அரசர். வரி, படை, சிறை, தூக்குமேடை எல்லாம் அவர் கையில். நகரத்தில் சுமார் 12,000 பேர் வாழ்ந்தார்கள். 1626 முதல் 1631 வரை இந்தச் சிறிய ஆயராட்சியில் சூனியக் குற்றம் சாட்டிப் பல நூறு பேரைக் கொன்றார்கள். 1612-லிருந்து வந்த முந்தைய அலைகளையும் சேர்த்தால் சுமார் 1000 பேர் என்பது ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு.

சூனிய வேட்டை என்றதும் இருண்ட இடைக்காலமும் திருச்சபையின் விசாரணை மன்றமும்தான் நம் மனத்தில் வருகின்றன. இரண்டும் தவறு. ஐரோப்பாவில் வேட்டை உச்சத்தில் இருந்தது ஏறக்குறைய 1560 முதல் 1650 வரை. அச்சுக்கூடமும் பல்கலைக்கழகச் சட்டப் படிப்பும் நன்றாக வேரூன்றிவிட்ட காலம். தண்டனை விதித்தவை பெரும்பாலும் அரசு நீதிமன்றங்கள். ஐரோப்பா முழுவதிலும் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 60,000 பேர் வரை; அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் பெண்கள்; ஏறக்குறையப் பாதிப் பேர் ஜெர்மன் மொழி பேசும் பகுதிகளில் இறந்தவர்கள். இணையத்தில் சுற்றும் ‘90 லட்சம்’ என்ற எண்ணுக்கு ஆதாரம் கிடையாது. 18-ஆம் நூற்றாண்டில் கோட்ஃபிரீட் கிறிஸ்டியன் ஃபோய்க்ட் என்பவர் ஒரே ஊரின் சில வழக்குகளை வைத்துக்கொண்டு ஐரோப்பா முழுவதற்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. 94,42,994 என்று கடைசி இலக்கம் வரை எழுதியிருந்ததால் நம்பும்படி இருந்தது, அவ்வளவுதான்.

பாம்பெர்க்கை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. காரணங்கள் எனப் பாடப் புத்தகங்கள் அடுக்கும் குளிர், பஞ்சம், மதப்போர், பேராசை, பெண் வெறுப்பு எல்லாம் இங்கே ஒருசேர இருந்தன. ஆனால் அவை பக்கத்து ஊர்களிலும் இருந்தன. பாம்பெர்க்கில் மட்டும் நூற்றுக்கணக்கில் பிணம் விழுந்ததற்கு விடை நீதிமன்ற நடைமுறைக்குள் கிடக்கிறது. வேட்டை நின்றதற்கும் அங்கேதான்.

சட்டம் என்ன சொன்னது

1507-ல் பாம்பெர்க் ஆயராட்சி ஒரு குற்றவியல் சட்டத்தொகுப்பை வெளியிட்டது. தொகுத்தவர் யோஹான் ஃபோன் ஷ்வார்ட்சென்பெர்க். பேரரசர் ஐந்தாம் கார்ல் 1532-ல், ஜெர்மன் நிலங்களை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசு முழுமைக்கும் கொண்டுவந்த ‘கரோலினா’ சட்டம் இதை அடியொற்றி எழுதப்பட்டது. அதாவது அன்றைய ஜெர்மனியின் குற்றவியல் நடைமுறைக்குத் தாய்வீடே பாம்பெர்க்தான்.

கரோலினா சித்திரவதையை அனுமதித்தது, கடிவாளம் போட்டு அனுமதித்தது. 109-ஆம் பிரிவுப்படி மந்திரத்தால் பிறருக்குத் தீங்கு செய்தவருக்கு நெருப்பு; தீங்கு விளையாவிட்டால் தண்டனையை நீதிபதி பார்த்து முடிவு செய்யலாம். 44-ஆம் பிரிவு எதையெல்லாம் சூனியத்துக்கு முகாந்திரமாகக் கொள்ளலாம் என்று வரையறுத்தது: பிறருக்குச் சூனியம் கற்றுத்தர முன்வருவது, ஒருவரை மிரட்டிய பின் அவருக்கு மிரட்டியபடியே கேடு வருவது, சூனியக்காரரோடு நெருங்கிய சகவாசம், சந்தேகத்துக்குரிய பொருளும் சொல்லும், அத்துடன் ஊரில் அப்படியொரு பேர். பிடிபட்டவர் இன்னொருவரைக் காட்டிக்கொடுத்தால் அதை எப்போது ஏற்கலாம் என்பதற்கு 31-ஆம் பிரிவு நிபந்தனைகள் வைத்தது. கேட்பவர் பெயரை எடுத்துக்கொடுக்கக் கூடாது. இருவருக்கும் முன்பகை உண்டா என்று விசாரிக்க வேண்டும். காட்டிக்கொடுக்கப்பட்டவர் அப்படிச் செய்யக்கூடியவர்தானா என்று பார்க்க வேண்டும். 52-ஆம் பிரிவு சூனிய வழக்கில் எதைக் கொண்டு, எப்படி, எப்போது செய்தாய் என்று கேட்கச் சொன்னது. புதைத்தேன் என்றால் அந்த இடத்தில் தேடச் சொன்னது. குற்ற விவரத்தைக் கைதிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்றது 56. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழகச் சட்ட அறிஞர்களையோ மேலதிகாரத்தையோ கலந்துகொள்ளச் சொன்னது 219.

இந்த நிபந்தனைகளை ஒழுங்காகப் பின்பற்றியிருந்தால் தனித்தனி வழக்குகள் நடந்திருக்கும். சில அநியாய மரணங்களும் நேர்ந்திருக்கும். தொடர் வேட்டை நடந்திருக்காது. அதைத் தாண்டிப் போக ஒரு வாதம் தேவைப்பட்டது. சூனியம் கடவுளுக்கு எதிரான ராஜதுரோகம், ரகசியக் குற்றம், விதிவிலக்கான குற்றம். ஆகவே வழக்கமான சாட்சிய விதிகள் இதற்குப் பொருந்தா என்று பல சட்ட நிபுணர்களும் இறையியலாளர்களும் எழுதினார்கள். ட்ரியர் மறைமாவட்டத் துணை ஆயர் பேட்டர் பின்ஸ்ஃபெல்ட் 1589-ல் வெளியிட்ட நூல், சூனியக்காரர்கள் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்கும் வாக்குமூலங்களை நம்பலாம் என்று வாதிட்டது. கடிவாளம் அங்கே அறுந்தது.

1626 மே மாதப் பனி

1560-களிலிருந்தே மத்திய ஐரோப்பாவில் குளிர் கூடிக்கொண்டு வந்தது. காலம் தப்பிய உறைபனி, ஆலங்கட்டி மழை, நனைந்த கோடை. 1562-ல் வீசன்ஸ்டைக் என்ற ஊரில் ஆலங்கட்டி மழைக்குப் பிறகு 63 பெண்களை எரித்தார்கள்.

1626 மே கடைசியில் ஃபிராங்கோனியாவில் விழுந்தது மிக மோசமான பனி. கோதுமைக்கு உறவான ரை தானியம் பூ விட்டிருந்தது. திராட்சைக் கொடிகள் தளிர்த்திருந்தன. சில இரவுகளில் எல்லாம் கருகிப்போயின. திராட்சை அந்தப் பகுதியின் பணப்பயிர், தானியம் வயிற்றுப்பாடு. இரண்டும் ஒரே வாரத்தில் போயிற்று. சூனியக்காரர்கள் விளைச்சலைப் பாழாக்குவதை மேலிடம் இன்னும் எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருக்கும் என்று சாதாரண சனங்கள் கெஞ்சிக் கூக்குரலிட்டதாகப் பக்கத்து மைன் ஆற்றங்கரை ஊரான ட்ஸைலின் குறிப்பு சொல்கிறது. வேட்டையை மேலிருந்து திணித்தார்கள் என்பது பாதி உண்மை. கீழிருந்தும் கேட்டார்கள்.

கேட்டது வேறு வகை நியாயம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊரார் நினைத்தது ஏவல், பில்லி மாதிரியான தீங்கு: மாடு பால் சுரக்கவில்லை, குழந்தை செத்தது, பயிர் கருகியது, இதைச் செய்தவள் இன்னாள். அந்தக் கணக்கில் ஊருக்கு ஒன்றிரண்டு பேர்தான் மாட்டுவார்கள். படித்த நீதிபதிகளின் மண்டையில் இருந்ததோ சாத்தானோடு ஒப்பந்தம், பறந்து போய்க் கூடும் இரவுக் கூட்டம், அங்கே நடனம், விருந்து. கூட்டம் என்று வந்துவிட்டால் ‘அங்கே வேறு யாரைப் பார்த்தாய்?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. ஊராரின் பயமும் நீதிபதிகளின் இறையியலும் ஒரே அறையில் சந்தித்தபோதுதான் ஒற்றை வழக்கு தொடர் வழக்காயிற்று.

அமைப்பு

1623-ல் ஆயர் பதவிக்கு வந்தவர் இரண்டாம் யோஹான் கேயார்க் ஃபுக்ஸ் ஃபோன் டோர்ன்ஹைம். அவருக்குத் துணை ஆயராக இருந்த ஃபிரீட்ரிஷ் ஃபோர்னர் சூனியத்துக்கு எதிராக 35 பிரசங்கங்களை அச்சிட்டவர். புராட்டஸ்டண்டு பிரிவான லூத்தரன் பக்கம் சாய்ந்திருந்த ஆயராட்சியைக் கத்தோலிக்கத்துக்குத் திருப்புவதும் சூனியத்தைக் களையெடுப்பதும் அவருக்கு ஒரே வேலை. இதை வைத்துக் கத்தோலிக்கம்தான் காரணம் என்று முடித்துவிடக் கூடாது; புராட்டஸ்டண்டு ஸ்காட்லாந்தும் எரித்தது. புராட்டஸ்டண்டு, கத்தோலிக்கப் பிரிவைவிட ஆட்சியின் அளவுதான் பெரிதாக வேறுபடுத்துகிறது. சின்ன ஆட்சி, தலைக்கு மேல் கண்காணிப்பு இல்லாத நீதிமன்றம், தன் ஆன்மாவுக்கும் குடிமக்களின் ஆன்மாவுக்கும் தானே பொறுப்பு என்று நம்பும் ஆட்சியாளர்: இந்த மூன்றும் கூடிய இடங்களில்தான் எண்ணிக்கை எகிறியது. இதே ஆண்டுகளில் பக்கத்து வூர்ட்ஸ்பர்க் ஆயராட்சியும் அப்படித்தான் எரிந்தது.

வழக்கமான நகர நீதிமன்றத்திடமிருந்து வழக்குகளைப் பிடுங்கி, சட்டம் படித்த ஆணையர்கள் கொண்ட தனிக் குழுவிடம் கொடுத்தார்கள். டாக்டர் எர்ன்ஸ்ட் வாசோல்ட் அவர்களில் பெயர் பெற்றவர். விசாரிப்பவர்களும் அவர்களே, தீர்ப்பை முடிவு செய்பவர்களும் அவர்களே. 1627-ல் இதற்கென்றே தனிச் சிறை ஒன்று எழுந்தது: மாலெஃபிட்ஸ்ஹவுஸ். ஒரே சமயத்தில் 30 முதல் 40 பேரை அடைக்கலாம். பெரும்பாலும் தனித்தனி அறைகள். உள்ளேயே சிற்றாலயம், சித்திரவதைக் கூடம். முகப்பில் நீதி தேவதை, அதனடியில் ரோமானியக் கவி வெர்ஜிலின் வரி, பக்கத்தில் விவிலியத்தின் அரசர் முதல் நூல் 9-ஆம் அதிகாரத்து எச்சரிக்கை. பேட்டர் இஸல்பர்க் 1627-ல் செதுக்கிய செப்புத்தகட்டு ஓவியம் இருப்பதால் கட்டடம் எப்படி இருந்தது என்று இன்றும் தெரிகிறது.

தனிச் சிறை என்பது வெறும் வசதிக்குரிய விஷயம் இல்லை. 40 இடம் உள்ள சிறையை நிரப்பி வைக்கவும், காவலாளுக்கும் எழுத்தருக்கும் தண்டனை நிறைவேற்றுபவருக்கும் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும். கைதியின் சாப்பாட்டுச் செலவு முதல் விறகுச் செலவு வரை அவர் சொத்திலிருந்தே கழிந்தது. மிச்சத்தையும் பறிமுதல் செய்தார்கள். பேராசைதான் வேட்டையைத் தொடங்கியது என்று நாம் கருதவில்லை. முதலில் மாட்டியவர்களில் பலர் ஒன்றுமில்லாத ஏழைகள். ஆனால் ஓட ஆரம்பித்த பிறகு சக்கரத்துக்கு எண்ணெய் விட்டது பறிமுதல்தான்.

யோஹான்னஸ் யூனியுஸ்: 40 நாள்

நகரத் தலைவர்களில் ஒருவரான யூனியுஸுக்கு 55 வயது. அவர் மனைவியை ஏற்கெனவே சூனியக்காரி என்று கொன்றிருந்தார்கள். அவர் வழக்கில் மட்டும் நமக்கு இரண்டு பதிவுகள் கிடைக்கின்றன: நீதிமன்றக் குறிப்பேடு ஒன்று, மகள் வெரோனிக்காவுக்கு அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதம் மற்றொன்று. ஒரே நிகழ்ச்சியை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்க்க முடிகிற அபூர்வமான வழக்கு.

1628 ஜூன் 28 அன்று முதல் விசாரணை. சித்திரவதை இல்லை. மறுக்கிறார். ஆயராட்சியின் தலைமை அதிகாரியான சான்சலரின் மகன் டாக்டர் கேயார்க் ஆடம் ஹானை எதிரே நிறுத்துகிறார்கள்; ஒன்றரை ஆண்டுக்கு முன் மன்ற அறையில் நடந்த சூனியக் கூட்டத்தில் யூனியுஸைப் பார்த்ததாக அவர் சொல்கிறார். அடுத்து ஹோப்ஃபன் எல்ஸ் என்ற பெண். ஹௌப்ட்ஸ்மோர் காட்டில் நடனத்தில் பார்த்தேன் என்கிறார். யூனியுஸ் இரண்டையும் மறுக்கிறார்.

ஜூன் 30. கட்டைவிரல் நசுக்கி மாட்டுகிறார்கள். குறிப்பேடு எழுதுகிறது: ஒப்புக்கொள்ளவில்லை, வலி தெரியவில்லை. அடுத்துக் கால் நசுக்கி: ஒப்புக்கொள்ளவில்லை, வலி தெரியவில்லை. உடை களைந்து தேடியதில் உடம்பில் நீலநிறத்தில் மூவிலைத் தழை வடிவத்தில் ஒரு தழும்பு. மூன்று முறை குத்தியும் வலியில்லை, ரத்தம் வரவில்லை. பிறகு கைகளைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தூக்குகிறார்கள்.

கடிதமோ, நகக்கண்களிலிருந்து ரத்தம் பீறிட்டது, நான்கு வாரம் கைகளைப் பயன்படுத்த முடியவில்லை, என் எழுத்தைப் பார்த்தாலே உனக்குத் தெரியும் என்கிறது. எட்டு முறை மேலே இழுத்துக் கீழே விட்டதாகவும் எழுதுகிறார்.

குறிப்பேட்டின் ‘வலி தெரியவில்லை’ என்ற இரண்டு சொற்களைச் சாதாரணப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. எழுத்தருக்கு அது தடயம். சாத்தான் தன் ஆளுக்கு வலி தெரியாமல் காக்கிறான் என்பது அன்றைய சட்ட இலக்கியத்தில் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். கதறினால் குற்றத்தின் சுமை. கதறாவிட்டால் சாத்தானின் துணை. இரண்டு பக்கமும் அடைத்த வழி இது. இன்று கோப்பைப் படிக்கும் மாணவர்கள் சறுக்கும் இன்னொரு இடம் ஜூலை 5-ஆம் தேதிக் குறிப்பு. ‘சித்திரவதையின்றி, வற்புறுத்திப் பேசியதன் பேரில்’ ஒப்புக்கொண்டார் என்று அங்கே இருக்கிறது. சித்திரவதைக் கூடத்துக்கு வெளியே வைத்து எழுதியது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருளில்லை. மறுத்தால் திரும்பவும் உள்ளே.

நடுவே நடந்ததைக் கடிதம் சொல்கிறது. தண்டனை நிறைவேற்றுபவரே அவரைச் சிறையறைக்குத் திரும்ப அழைத்துவந்து கெஞ்சுகிறார்: ஐயா, கடவுள் பெயரால் கேட்கிறேன், உண்மையோ பொய்யோ ஏதாவது ஒப்புக்கொள்ளுங்கள், நீங்கள் பெரிய பிரபுவாகவே இருந்தாலும் தப்ப முடியாது, சூனியக்காரன் என்று சொல்லும் வரை ஒன்று மாற்றி ஒன்று நடக்கும். யூனியுஸ் யோசிக்க ஒரு நாள் கேட்டு வாங்குகிறார்.

ஒப்புதலில் அவர் கட்டிய கதை, ஆணையர்கள் எதிர்பார்த்த சட்டகத்தில் அச்சாகப் பொருந்துகிறது. 1624-ல் ரோட்வைல் நீதிமன்ற வழக்கில் 600 ஃபுளோரின் நாணயம் இழந்து மனமுடைந்து தோட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது புல் அறுக்கும் பெண் உருவில் ஒருத்தி வந்து மயக்கினாள், பிறகு ஆடாக மாறினாள், கடவுளை மறுதலித்தேன், ‘கிரிக்ஸ்’ என்று எனக்குப் பெயர் சூட்டினார்கள். பணநட்டம், மனச்சோர்வு, அதன்மேல் சாத்தான். முதல் இரண்டும் அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்தவை என்பதால் கதை நிஜம்போல் இருக்கிறது.

கதையோடு விட்டார்களா? ஆட்கள் வேண்டும். யாரையும் அடையாளம் தெரியவில்லை என்கிறார். ‘சான்சலர் அங்கே இல்லையா?’ என்று பெயரை அவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள், ஆமாம் என்கிறார். பிறகு தெருத் தெருவாகப் போகச் சொல்கிறார்கள். சந்தையில் தொடங்கு, ஒரு தெருவில் போய் அடுத்த தெருவில் திரும்பு. நீண்ட தெருவில் யாரையும் தெரியாது என்றார். எட்டுப் பேரைச் சொல்ல வேண்டியதாயிற்று. அடுத்து ட்ஸிங்கன்வேர்ட், இன்னும் ஒருவர். பிறகு மேல் பாலம் தாண்டி கேயார்க் வாசல், இருபுறமும். கோட்டைக்குள் யாருமில்லையா, யாராக இருந்தாலும் பயப்படாமல் சொல் என்றார்கள். கரோலினாவின் 31-ஆம் பிரிவை இதைவிடத் துல்லியமாக மீற முடியாது.

செய்த தீங்கு என்ன என்று கேட்டபோது, பிள்ளைகளைக் கொல்லச் சொன்னார்கள், அதற்குப் பதில் குதிரையைக் கொன்றேன் என்றார். போதவில்லை. நற்கருணை அப்பத்தை அவமதித்தேன் என்றதும் விட்டுவிட்டார்கள். 52-ஆம் பிரிவின்படி தோண்டிப் பார்த்துச் சரிபார்த்திருக்க வேண்டிய இடம் இது.

கடிதத்தின் தேதி ஜூலை 24. இந்த வீட்டுக்குள் வருகிறவர் சூனியக்காரராகித்தான் தீர வேண்டும், இல்லாவிட்டால் தலைக்குள்ளிருந்து எதையாவது கற்பனை செய்து சொல்லும் வரை வதைப்பார்கள் என்று மகளுக்கு விளக்குகிறார். தன்னைக் காட்டிக்கொடுத்த ஆறு பேரும், நிர்ப்பந்தத்தால் சொன்னோம் என்று சாவதற்கு முன் மன்னிப்புக் கேட்டு அனுப்பியதாகவும் குறிப்பிடுகிறார். ஆகஸ்ட் 6 அன்று அவரையும் கொன்றார்கள். கடிதம் பாம்பெர்க் அரசு நூலகத்தில் இன்றும் இருக்கிறது.

பெருக்கல்

யூனியுஸை மாட்டவைத்தது ஆறு பேரின் வாக்கு. அவர் வாயிலிருந்து வந்தது பத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். கைதுக்கு இரண்டு மூன்று பேர் சொன்னாலே போதும், சராசரியாக ஒருவர் பத்துப் பேரைச் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டால், பழைய பட்டியலில் ஒரு முறை மட்டும் வந்த பெயர்கள் புதுப் பட்டியல்களில் இரண்டாம் முறை வந்து விழும். அதனால்தான் அலை தொடங்கிய சில மாதங்களுக்குப் பிறகு கைதுகள் திடீரென்று எகிறுகின்றன. ஊரில் புதிதாக எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை.

பெருக்கல் ஆட்களின் வகையையும் மாற்றும். வதைபடும்போது மனிதருக்கு நினைவுக்கு வருவது ஊரறிந்த பெயர்கள். முதலில் கெட்ட பேர் எடுத்த கிழவிகள். அவர்கள் தீர்ந்ததும் மருத்துவச்சி, விடுதிக்காரி, கடைக்காரர், மன்ற உறுப்பினர், கடைசியில் சான்சலர். பாம்பெர்க்கில் ஆண்களின் பங்கும் செல்வர்களின் பங்கும் போகப்போகக் கூடியது இப்படித்தான். வேட்டையின் முடிவுக்கு விதை இங்கே விழுந்தது.

ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகத் தெற்கே சுமார் 60 கிலோமீட்டரில் நூரெம்பெர்க் இருக்கிறது. அதே வட்டாரம், அதே பேரரசுச் சட்டம், சாத்தானில் அதே நம்பிக்கை. அங்கே தொடர் வேட்டை நடக்கவேயில்லை. அது சுதந்திர நகரம். மன்றமும் அதன் சட்ட ஆலோசகர்களும் முகாந்திரம் போதாது என்று வழக்குகளை முளையிலேயே கிள்ளினார்கள். 1590-ல் ஐஷ்டெட் பகுதியிலிருந்து வந்த ஃபிரீட்ரிஷ் ஸ்டிக்லர் என்பவர் நூரெம்பெர்க் பெண்கள் சிலரைச் சூனியக்காரிகள் என்று சொல்லித் திரிந்தார். தண்டனை நிறைவேற்றுபவரின் உதவியாளாக வேலை பார்த்ததால் சூனியக்காரிகளை அடையாளம் தெரியும் என்பது அவர் வாதம். மன்றம் அவர் தலையை வெட்டியது. பாம்பெர்க்கிலிருந்து தப்பியவர்கள் பின்னாளில் ஓடி ஒளிந்ததும் இந்த நூரெம்பெர்க்கில்தான்.

நிறுத்தியது யார்

சான்சலர் டாக்டர் கேயார்க் ஹான் வேட்டையை இழுத்துப் பிடிக்கப் பார்த்தவர் என்று பெயர். அவர் ஸ்பேயர் நகரில் இருந்த பேரரசின் உயர் நீதிமன்றத்துக்கு நேரில் போய் முறையிட்டார். மனைவியையும் மகளையும் விடுவிக்கச் சொல்லி 1628 தொடக்கத்தில் நீதிமன்றம் ஆணையிட்டது. பாம்பெர்க் பொருட்படுத்தவில்லை, இருவரையும் அவசரமாகக் கொன்றது. ஜூலையில் ஹானையும் கொன்றது. யூனியுஸின் வாயில் திணித்த ‘சான்சலர் இல்லையா?’ என்ற கேள்விக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது. ஸ்பேயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு சரிதான். அதை நிறைவேற்றக் கையில் ஆள்பலம் இல்லை. நல்ல சட்டமும் நல்ல மேல்முறையீட்டு மன்றமும் இருந்தும் வேட்டை நிற்காததற்கு இதுவே காரணம்.

அடுத்த முயற்சி வியன்னாவில், பேரரசரின் அரசவை மன்றத்தில். அங்கே பேரரசரே நெருக்குவார் என்ற பயம் உண்டு. மன்ற உறுப்பினர் கேயார்க் ஹைன்ரிஷ் ஃப்ளோக்கின் மனைவி டோரொத்தேயா கர்ப்பிணியாக இருந்தபோது கைதானார். சிறையிலேயே குழந்தை பிறந்தது. நூரெம்பெர்க்கில் இருந்த கணவரும் உறவினரும் வியன்னாவுக்கு மனுவுக்கு மேல் மனு அனுப்பித் தடையாணை வாங்கினார்கள். ஆணை வருகிறது என்று தெரிந்ததும் ஆணையர்கள் முந்திக்கொண்டார்கள்: 1630 மே 17 அன்று கொன்று முடித்தார்கள்.

வென்றோம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். உண்மையில் அந்த மரணம்தான் அவர்களுக்கு ஆப்பு. பேரரசரின் ஆணையை ஏமாற்றியது அப்பட்டமாகத் தெரிந்தது. சாட்சி சொல்ல வசதியும் கல்வியும் உள்ள அகதிகள் இருந்தார்கள். அவர்களின் மனுக்கள் மிளகு போட்ட உப்பு மீனைத் தின்னக் கொடுத்துத் தண்ணீர் மறுத்தது முதல் எல்லாவற்றையும் வரிசையாக எழுதின. அதே 1630-ல் ரேகன்ஸ்பர்க்கில் தேர்வாளர் கூட்டம், அதாவது பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொண்ட ஆட்சியாளர்களின் கூட்டம். தன் மகனை வாரிசாகத் தேர்ந்தெடுக்க வைக்க வேண்டிய நேரத்தில், பாம்பெர்க் விவகாரம் பேரரசர் இரண்டாம் ஃபெர்டினாண்டுக்குத் தலைவலி. அவருடைய பாவசங்கீர்த்தன குரு லாமோர்மைனி என்ற இயேசு சபைக் குருவும் இதைக் கண்டித்தார்.

1630, 1631-ல் வந்த பேரரசு ஆணைகள் மூன்று இடத்தில் கை வைத்தன. கோப்புகளை மேலே அனுப்ப வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கு முகாந்திரத்தைத் தெரிவித்து வழக்கறிஞர் வைத்துக்கொள்ள விட வேண்டும். சொத்துப் பறிமுதல் கூடாது. சூனியம் என்ற குற்றம் பொய் என்று ஓர் எழுத்தும் இல்லை. ஃபோர்னர் 1630 டிசம்பரில் இறந்தார். 1631-ல் மரண தண்டனைகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. 1632 பிப்ரவரியில், முப்பதாண்டு மதப்போரில் ஸ்வீடன் படை நெருங்கியபோது மாலெஃபிட்ஸ்ஹவுஸில் எஞ்சியிருந்த பத்துப் பேரை, நடந்ததை வெளியே சொல்ல மாட்டோம் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு விட்டார்கள். ஆயர் தப்பியோடி 1633-ல் ஆஸ்திரியாவில் இறந்தார்.

பறிமுதல் தடையா, ஸ்வீடன் படையா என்று சிலர் விவாதிப்பதுண்டு. காலவரிசை பார்த்தால் பதில் எளிது: படை வந்தபோது வேட்டை ஏற்கெனவே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. படை செய்தது, திரும்பத் தொடங்க வழியில்லாமல் ஆட்சியையே கலைத்தது.

மற்ற இடங்களில்

பாம்பெர்க்கில் தாமதமாகவும் ரத்தச் சேதத்தோடும் நடந்தது, ஸ்பெயினில் முன்கூட்டியே நடந்திருந்தது. 1610 நவம்பரில் லோக்ரோன்யோ விசாரணை மன்றம் பாஸ்க் பகுதியைச் சேர்ந்த ஆறு பேரை உயிரோடும், சிறையிலேயே இறந்துபோன ஐந்து பேரை உருவப்பொம்மையாகவும் எரித்தது. மூன்று நீதிபதிகளில் இளையவரான அலோன்சோ தே சலசார் ஃப்ரியாஸுக்குச் சந்தேகம் வந்தது. 1611-ல் ஊர் ஊராகப் போய், தானாக வந்து சொன்னால் மன்னிப்பு என்று அறிவித்தார். 1802 பேர் வந்தார்கள். 1384 பேர் குழந்தைகள். அவர் செய்தது நம்புவதா வேண்டாமா என்ற விவாதம் அல்ல, சரிபார்த்தல். கூட்டம் நடக்கும் இடத்தைத் தனித்தனியாகக் கேட்டார், பதில்கள் முரண்பட்டன. கூட்டம் நடப்பதாகச் சொன்ன இரவில் அதே இடத்தில் தன் உதவியாளர்களை நிறுத்தினார், யாரும் வரவில்லை. மந்திரக் களிம்பு என்று கொண்டுவந்த சட்டிகளை மருந்தாளரிடம் காட்டியும் விலங்குகளுக்குக் கொடுத்தும் சோதித்தார். வெறும் பொய்ச் சரக்கு. பேசவும் எழுதவும் தொடங்கும் வரை அங்கே சூனியக்காரரும் இல்லை, சூனியம் வைக்கப்பட்டவரும் இல்லை என்ற பொருளில் அறிக்கை எழுதினார். 1614 ஆகஸ்டில் தலைமை மன்றம் அவர் வழிமுறையையே விதியாக்கியது. கொடுமைக்குப் பேர்போன ஸ்பானிய விசாரணை மன்றம்தான் ஐரோப்பாவில் முதலில் நிறுத்தியவர்களில் ஒன்று என்பது பலருக்கு ஏற்கக் கஷ்டமான செய்தி. மத்தியக் கட்டுப்பாடு இருந்ததால் அது முடிந்தது.

பிரான்சில் பாரிஸ் உயர் நீதிமன்றம் 1624-ல் தன் எல்லைக்குள் எல்லாச் சூனிய வழக்குகளும் தானாகவே மேல்முறையீட்டுக்கு வர வேண்டும் என்றது. ஜெர்மனியில் 1631-ல் ரின்டல்ன் நகரில் ஆசிரியர் பெயரில்லாமல் ‘காவுட்டியோ கிரிமினாலிஸ்’ வெளிவந்தது. எழுதியவர் ஃபிரீட்ரிஷ் ஷ்பே என்ற இயேசு சபைக் குரு. சூனியக்காரர் உண்டு என்று முதல் கேள்வியிலேயே ஒப்புக்கொண்டுவிட்டு, மீதிப் புத்தகம் முழுக்க விசாரணையைப் பிரித்துப் போடுகிறார். கெட்ட வாழ்க்கை வாழ்ந்திருந்தால் அது சான்று, நல்ல வாழ்க்கை வாழ்ந்திருந்தால் வேஷம். பயந்தால் குற்ற உணர்வு, பயப்படாவிட்டால் சாத்தானின் தைரியம். ‘வலி தெரியவில்லை’ என்று எழுதிய குறிப்பேடு நினைவுக்கு வந்தால் சரி.

சட்டப் புத்தகத்திலிருந்து குற்றமே நீங்கியது வெகுகாலத்துக்குப் பிறகு. கிறிஸ்டியன் தொமாசியுஸ் 1701-ல் சாத்தான் ஒப்பந்தம் என்ற குற்றத்தையே கேள்வி கேட்டார். 1714-ல் பிரஷ்யாவில் சூனிய வழக்குத் தீர்ப்புகள் அரசரிடம் வந்தாக வேண்டும் என்ற ஆணை வந்தது. இங்கிலாந்து 1736-ல் குற்றத்தை நீக்கியது. ஊராரின் நம்பிக்கை அப்போதும் அப்படியேதான் இருந்தது. 1751-ல் இங்கிலாந்தின் டிரிங் அருகே ரூத் ஆஸ்போர்ன் என்ற கிழவியைச் சூனியக்காரி என்று கும்பல் குளத்தில் அமுக்கிக் கொன்றது. கும்பலை நடத்திய தாமஸ் காலியை நீதிமன்றம் கொலைக்குற்றத்தில் தூக்கிலிட்டது. பார்க்கக் கூடியவர்கள் தூரத்தில் நின்று, இத்தனை கேடு செய்த சூனியக்காரியை ஒழித்ததற்காக ஒரு மனுஷனைத் தொங்கவிடுகிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.